ரெயினிங் எடுத்த பிள்ளை

அத்தியாயம் பதினான்கு

பொய் சொல்வதில் திரேசம்மாவுக்கு இரண்டு வருடப் பழக்கம் இருந்தது. அதுவும் ஒரே பொய்.

"சின்னவ கொழும்பில தையல் ரெயினிங் எடுக்கிறா."

கோயில் வாசலில், மீன்வாடியில், சங்கக்கடை வரிசையில் என்று தாழ்வுபாட்டில் அவள் அதைச் சொல்லாத இடமில்லை. சொல்லிச் சொல்லி நாக்குக்கே பாடமாகிவிட்டது. பரலோக மந்திரம் மாதிரி, முதற்சொல்லை எடுத்தால் மிச்சம் தானாக வந்து விழும்.

உண்மை என்னவென்று இவ்வளவு வாரமும் இந்தக் குடும்பத்தோடு கூட வருகிற உங்களுக்குத் தெரியும். சின்னவள் செலீனா கொழும்பில் ஊசியும் நூலும் தொட்டதில்லை. கன்னியர் விடுதியில் தங்கிப் படிக்கப் போனவள், விளையாட்டு ஆசிரியை றஞ்சிதம் மிஸ்ஸின் கண்ணில் பட்டு, குத்துச்சண்டைக்காரியாகத் திரும்பி வந்தாள். வயது இருபது. நாற்பத்தெட்டுக் கிலோப் பிரிவில் முழு நாட்டுக்கும் அவள்தான் சம்பியன். பெற்ற தாய் மட்டும் 'குத்துச்சண்டை' என்ற சொல்லை இன்றுவரை வாயால் சொன்னதில்லை. "உந்த வேலை" என்பாள். கோபம் வந்தால் "உந்தச் சண்டித்தனம்" என்பாள்.

அவளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. மூத்தவள் மாக்கிறட்டுக்கு இருபத்தேழு வயது. தலைமன்னாரில் ஒரு சம்பந்தம் பேசி வருகிறார்கள். பெண்ணின் தங்கைக்காரி சபையில் ஏறி ஆட்களின் மூக்கை உடைக்கிறவள் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் வந்த வழியே திரும்பிவிடுவார்கள் என்பது திரேசம்மாவின் பயம். பயம் வீண் என்றும் சொல்ல முடியாது.

போன கிழமை கோயில் தொலைபேசியில் றஞ்சிதம் மிஸ் கூப்பிட்டதும், தாயும் மகளும் மூன்று நாள் முகம் பாராமல் திரிந்ததும் நினைவிருக்கும். மிஸ் சொன்னது இவ்வளவுதான். இந்தியாவில் ஆசியப் போட்டி. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கொழும்பில் நிறை பார்ப்பார்கள். அந்த எட்டு மணிக்குத் தராசில் ஏறி நிற்கிறவள் போவாள். செலீனா வந்து சேராவிட்டால், இறுதிப் போட்டியில் அவளிடம் தோற்ற பெண் போவாள். யாருக்காகவும் ஒரு நிமிடம் பொறுக்க மாட்டார்கள்.

இன்று வியாழன்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அது. மன்னார்த் தீவை விட்டு வெளியே காலெடுத்து வைக்க இராணுவ முகாமில் பாஸ் எடுக்க வேண்டிய போர்க்காலம். கொழும்பு பஸ் பகல் இரண்டு மணிக்கு. அதற்குள் பாஸ் கைக்கு வந்தாக வேண்டும்.

காலையில் அடுப்படிக்குள் வந்த மகளைப் பார்த்துத் திரேசம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னடி இது கோலம்? இந்த வெயிலுக்குள்ள ரெண்டு சட்டை?"

"வேர்க்கோணும் அம்மா. இன்னும் முந்நூறு கிராம் கூட நிக்கிறன்."

"தேத்தண்ணி குடி."

"வேண்டாம்."

"ஒரு மிடறு."

"நேற்றுப் பின்னேரத்தில இருந்து பச்சைத்தண்ணியும் குடிக்கேல்ல. இப்ப குடிச்சா எல்லாம் வீண்." செலீனா முற்றத்து ஓரமாகப் போய் எச்சிலைத் துப்பிவிட்டு வந்தாள். துப்புகிற எச்சிலும் நிறைதானாம். இப்படி ஒரு விளையாட்டைத் திரேசம்மா கேள்விப்பட்டதே இல்லை. ஊரில் பிள்ளைக்குச் சோறு இல்லையே என்று தாய்மார் அழுகிறார்கள். இங்கே சட்டியில் சோறு இருக்க ஒருத்தி பட்டினி கிடக்கிறாள்.

மீன்பிடிக்கக் கடற்படை கொடுத்த நேரத்துக்குள் கடலுக்குப் போய்வரவேண்டும் என்று தகப்பன் கிறகரி விடியவே போய்விட்டான். போகும்போது வாசலில் நின்று மனைவியிடம் சொன்னது ஒரு வார்த்தை.

"நீயும் கூடப் போ."

"நானோ?"

"தனிய அனுப்பேலாது. தாய் கூட நிண்டா அவங்கள் ஒண்டும் சொல்லமாட்டாங்கள்."

அந்த நம்பிக்கை எவ்வளவு பெறுமதியானது என்று பின்னேரத்துக்குள் தெரிந்துவிட்டது.

திரேசம்மா வெள்ளைச் சேலையை எடுத்துக் கட்டினாள். கைப்பையில் அடையாள அட்டை, கிராம விதானையாரின் கடிதம், செபப்புத்தகம். அந்தச் செபப்புத்தகத்துக்குள் வேறொன்றும் இருந்தது. அதைப் பற்றி வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மாக்கிறட் வாசல்வரை வந்து தங்கையின் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். தனக்காகத்தான் இவ்வளவு பொய்யும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது, வாயைத் திறந்தால் தாய் விழுந்து அழுவாள்.

முகாம் வாசலில் எட்டரை மணிக்கே நூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள். தலைக்கு மேலே ஓலை இல்லை, தகரம் இல்லை, வெயில்தான். இரண்டு சட்டைக்குள் நின்ற செலீனாவின் கழுத்தால் வேர்வை வழிந்தது. அதைப் பார்த்து அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். தாய்க்கு அந்தரமும் பதைப்பும்.

அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றவள் பக்கத்து வீட்டு பிரான்சிஸ்கா. நல்ல மனுசி. ஊரில் ஒருவருக்குத் தலையிடி என்றாலும் பத்து வீட்டுக்குச் சொல்லிச் செபிக்கச் சொல்லுவாள்.

"என்ன மச்சாள், சின்னவளைத் திரும்ப ரெயினிங்குக்கு அனுப்புறியள் போல?"

"ஓம் மச்சாள். தையல் ரெயினிங் இன்னும் முடியேல்ல." மந்திரம் பிசகாமல் வந்தது.

செலீனா தாயின் காதுக்குக் குனிந்தாள். "அம்மா, உள்ளுக்க போய்த் தையல் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. மிஸ் அனுப்பின கடிதத்தில விளையாட்டு எண்டு கிடக்கு. ரெண்டும் ரெண்டு கதையா வந்தா பாஸ் தரமாட்டாங்கள்."

"எனக்குத் தெரியாதே? நான் என்ன விசரியோ?"

"தையல் எண்ட சொல்லே வரக்கூடாது."

"சரியெண்டு சொல்லுறனெல்லே."

பதினொரு மணிக்கு அவர்கள் முறை வந்தது. முதலில் சோதனை. படங்கு கட்டி மறைத்த மூலைக்குள் ஒரு பெண் சிப்பாய் நின்றாள். செலீனாவின் வயதுதான் இருக்கும். ஒரு சட்டைக்குக் கீழே இன்னொரு சட்டை இருப்பதைக் கண்டதும், உடம்பில் குண்டோ என்று அவள் இரண்டடி பின்னுக்குப் போனாள். மேற்சட்டையைக் கழற்றச் சொல்லி, உதறிப் பார்த்து, பிறகுதான் கிட்ட வந்தாள்.

"கை காட்டு."

செலீனா நீட்டினாள். சிப்பாய் உள்ளங்கையைப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். வலை இழுக்கிற கை உள்ளங்கையில் காய்த்திருக்கும். இந்தக் கை விரல் மொழிகளில், குத்துகிற பக்கத்தில், காய்த்திருந்தது. வீட்டுப் பின்புறத்துப் பூவரசில் மணற்சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு, விடிய முன்னம் குத்திக் குத்தி வந்த காய்ப்பு அது. அந்த நாட்களில் பெண்பிள்ளையின் கையில் காய்ப்பைக் கண்டால் அது எதனால் வந்தது என்று யாரும் யோசித்துக்கொண்டிருப்பதில்லை. சிப்பாய் ஒரு துண்டில் ஏதோ எழுதி மேசைக்கு அனுப்பினாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு முப்பது வயதிருக்கும். கதிரைகளைக் காட்டி இருவரையும் இருக்கச் சொன்னான். மரியாதையான ஆள். பக்கத்தில், மொழிபெயர்ப்பதற்கென்று அரசாங்கக் கந்தோரிலிருந்து அனுப்பப்பட்ட எழுதுவினைஞர் ஏரம்பு ஐயா. ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம் இருந்த மனிதர். அந்த எட்டு மாதமும் ஒருவருக்கும் ஒன்றும் நடவாமல் கழிந்துவிடவேண்டும் என்பதே அவருடைய பிரார்த்தனை.

அதிகாரி துண்டைப் படித்தான். சிங்களத்தில் ஏதோ கேட்டான்.

"பிள்ளை என்னத்துக்குக் கொழும்புக்குப் போறா எண்டு கேக்கிறார்," என்றார் ஏரம்பு ஐயா.

செலீனா வாயைத் திறந்தாள். அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினான்.

"அம்மா சொல்லட்டுமாம்."

நாலு பேர் பார்க்க, துவக்கோடு இருவர் நிற்க, மேசைக்கு முன்னால் இருந்து பதில் சொல்வது திரேசம்மாவுக்கு இதுதான் முதல் தடவை. எதை எடுப்பது என்று தெரியாமல், பழகினதை எடுத்தாள்.

"சின்னவ கொழும்பில..."

தையல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்தச் சொல்லே வரக்கூடாது என்று மகள் சொன்னதும் அதே கணத்தில் நினைவுக்கு வந்தது. திரேசம்மா தையலை விழுங்கினாள். தையலை மட்டும்தான் விழுங்கினாள்.

"...ரெயினிங் எடுக்கிறா ஐயா. ரெண்டு வரியமா ரெயினிங் எடுத்தவ."

அந்தக் காலத்து மன்னாரில் ரெயினிங் என்ற சொல்லை யாரும் தனியே வெளியில் விடுவதில்லை. தையல் ரெயினிங், ரைப்பிங் ரெயினிங், கொம்பியூட்டர் ரெயினிங் என்று முன்னால் ஒரு சொல்லைக் காவலுக்குப் போட்டுத்தான் அனுப்புவார்கள். தனியே வந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம், இயக்கத்தில் எடுத்த ஆயுதப் பயிற்சி. அது குழந்தைக்கும் தெரியும். திரேசம்மாவுக்கும் தெரியும். சொல்லி முடித்தபிறகு தெரிந்து என்ன?

வரிசையில் அடுத்த ஆளாக நின்ற பிரான்சிஸ்கா நெஞ்சில் கைவைத்தாள். ஏரம்பு ஐயாவின் முகம் வெளிறியது. பாவம், அந்த மனிதர் வேறெதையாவது மொழிபெயர்த்துச் சமாளிக்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அவர் மொழிபெயர்க்கத் தேவையில்லாத ஒரே சொல் அதுதான்.

"ட்ரெயினிங்?" என்றான் அதிகாரி. பேனையை மேசையில் வைத்தான். "எங்க ட்ரெயினிங்? யாரு குடுத்தது?"

"விளையாட்டு சேர்!" செலீனா எழுந்துவிட்டாள். "பொக்சிங். கடிதத்தில இருக்கு, பாருங்கோ."

"இரு."

இருந்தாள். பிரான்சிஸ்காவுக்கு முதல்நாளே கையெழுத்தாகியிருந்த பாஸை யாரோ நீட்ட, அவள் வாங்கிக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வெளியே ஓடினாள். பின்னால் நின்றவர்களை வெளியே போகச் சொன்னார்கள். கதவு சாத்தப்பட்டது.

அதிகாரி கடிதத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தான். இப்படி ஒன்றை யாரும் ரைப் அடித்துக்கொள்ளலாம் என்றான். பெண்பிள்ளை பொக்சிங் என்றதும் வாசலில் நின்ற சிப்பாய்கள் சிரித்தார்கள். கையில் காய்ப்பு, உடம்பில் இரண்டு சட்டை, விலாவில் ஆறாத ஒரு கண்டல் காயம், தாயின் வாயாலேயே ரெயினிங். வேறென்ன வேண்டும்? தன் வாயாலேயே பிள்ளையைப் பிடித்துக்கொடுத்துவிட்டேனே என்று திரேசம்மாவுக்குள் ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவள் கைப்பையைத் திறந்தாள். செபப்புத்தகத்தை எடுத்து, நடுவில் விரித்து, மடித்த ஒரு பத்திரிகைத் துண்டை மேசையில் வைத்தாள்.

"இதைப் பாருங்கோ ஐயா. இது பொய்யில்ல."

இரண்டு மாதத்துக்கு முன்பு கடையில் சீனி சுற்றித் தந்த தாள் அது. வீட்டுக்கு வந்து சீனியைப் போத்தலில் கொட்டிவிட்டுக் கசக்கப் போனவளின் கையில், மகளின் முகம். நடுவர் செலீனாவின் கையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். கீழே இரண்டு வரி, 'மன்னார் யுவதி தேசிய சம்பியன்'. திரேசம்மா அதைக் கிழியாமல் நீவி எடுத்து ஒளித்து வைத்தாள். கருவாட்டுக்கு உப்புப் போட்டுவிட்டுத் தனியே இருக்கும் நேரங்களில் எடுத்துப் பார்ப்பாள். அந்தப் பெருமையை யாரிடமும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மகளிடம் கூடத்தான்.

செலீனா படத்தைப் பார்க்கவில்லை. தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி துண்டை எடுத்தான். பார்த்தான். முகம் மலர்ந்தது.

"ஆ! மெத்தச் சரி. பொக்சிங்தான்!" அவன் வாய்விட்டுச் சிரித்தான். தானும் பள்ளிக்கூடத்தில் குத்துச்சண்டை விளையாடியவன் என்று ஏரம்பு ஐயாவிடம் சொன்னான். சோதனை செய்த பெண் சிப்பாயைக் கூப்பிட்டு, "வந்து பார், நீ பிடித்து அனுப்பியது சம்பியனை" என்கிற மாதிரி ஏதோ சொன்னான். திரேசம்மாவுக்கு உயிர் திரும்பி வந்தது. மாதாவே, தாயே என்று முணுமுணுத்தாள். கடிகாரத்தில் பன்னிரண்டே கால். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

பெண் சிப்பாய் படத்தை வாங்கிப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. படத்தில் செலீனாவுக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்ற பெண்ணின் மேல் விரலை வைத்தாள். மூக்கில் துணியை அழுத்திப் பிடித்திருந்த பெண். பனியனின் நெஞ்சில் இலச்சினை. சிப்பாய் ஒரு பெயரைச் சொன்னாள்.

ஏரம்பு ஐயா தொண்டையைச் செருமினார். "தோத்த பிள்ளை தங்கட ஆளாம். படை அணிக்கு விளையாடினவவாம். இந்தச் சோதிக்கிற பிள்ளையும் அவவும் ஒண்டாப் படையில சேர்ந்தவையாம்."

அதிகாரி படத்தைத் திரும்ப வாங்கினான். இந்த முறை அதிக நேரம் பார்த்தான். தள்ளி வைத்த கடிதத்தையும் எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒழுங்காகப் படித்தான். பிறகு திரேசம்மாவிடம், மிகவும் தன்மையாக, நேராகவே கேட்டான்.

"அம்மா, நாளைக்கு இவ போகலைன்னா?"

செலீனாவுக்குக் கேள்வி எங்கே போகிறது என்று விளங்கிவிட்டது. "அம்மா..." என்றாள். ஆனால் திரேசம்மா இரக்கம் கேட்கிற அவசரத்தில் இருந்தாள். உண்மையைச் சொன்னால் மனம் இளகும் என்று நம்புகிற பெண் அவள்.

"ஐயா, இவ போகாட்டி, அந்தத் தோத்த பிள்ளையைத்தான் அனுப்புவினமாம். கும்பிட்டுக் கேக்கிறன் ஐயா, இண்டைக்கே பாஸைத் தாங்கோ."

ஏரம்பு ஐயா கண்ணை மூடித் திறந்தார். மொழிபெயர்க்கும்போது அவருடைய குரல் அவருக்கே கேட்டிருக்காது. ஆனால் அதிகாரிக்குக் கேட்டது.

"பிரச்சினை இல்ல," என்றான் அவன். கடிதத்தையும் படத்தையும் ஒன்றாக வைத்து ஒரு கோப்புக்குள் செருகினான். "கொழும்புக்குக் கேட்டுப் பார்க்கணும். நாளைக்குப் பின்னேரம் வாங்க. கட்டாயம் பாஸ் தாறது."

"நாளைக்கு விடிய எட்டு மணிக்கு அவ அங்க நிக்கோணும் ஐயா!"

"நாளைக்குப் பின்னேரம், அம்மா."

"அந்தப் படத்தையெண்டாலும் தாங்கோ."

"அது ஃபைலுக்கு."

அவன் எழுந்து நின்று கதவைக் காட்டினான். திட்டவில்லை, அடிக்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் போய் யாரிடமாவது முறையிடலாம். இதை எந்த வாயால் முறையிடுவது?

வெளியே வந்து இருவரும் சந்திவரை நடந்தார்கள். கொழும்பு பஸ் இன்னும் புறப்படவில்லை. கூரையில் பொதிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். செலீனா அதைத் தாண்டி நடந்து, சந்தையோரத்துத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். வாயை நேரே வைத்துக் குடிக்கத் தொடங்கினாள்.

நேற்றுப் பின்னேரத்திலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தொடாதவள். குடித்தாள், நிமிர்ந்து மூச்சு வாங்கினாள், திரும்பவும் குடித்தாள். தண்ணீர் சட்டையெல்லாம் வழிந்தது. தாய்க்குத் தடுக்க வேண்டும் போல இருந்தது. காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு கெஞ்சியவள் இப்போது குடிக்காதே பிள்ளை என்று கத்த நினைத்தாள். மகள் குடிக்கிற ஒவ்வொரு மிடறும் அவளுக்கு நெஞ்சில் அடித்தது.

"காணும் பிள்ளை, நிப்பாட்டு."

"இனி என்ன? எவ்வளவும் குடிக்கலாம்."

இரண்டு மணிக்கு பஸ் அவர்களைத் தாண்டிப் போனது. செலீனா முகத்தைத் துடைத்தாள்.

"அந்தப் படத்தை எப்ப வெட்டினனீங்கள்?"

"வெட்டேல்ல. சீனி சுத்தி வந்தது."

"ரெண்டு மாசமா வைச்சிருந்தனீங்கள்."

"ஓம்."

"நான் பதக்கத்தோட வந்து வாசலில நிக்க, மீன்சட்டியைக் கழுவச் சொன்னீங்கள். ஒரு சொல்லுச் சொல்லேல்ல. ஊருக்கு உண்மையைச் சொல்லியிருந்தா, இண்டைக்கு உங்கட வாயில உந்தச் சொல்லே வந்திராது அம்மா."

"எனக்கு வெக்கமா இருந்தது பிள்ளை."

"என்னை நினைச்சோ?"

ஓம் என்பதும் பொய், இல்லை என்பதும் பொய். இரண்டு வருடம் ஒரே பொய்யைச் சொன்னவளுக்கு இன்னொன்று சொல்லத் தெம்பில்லை. திரேசம்மா உடுப்புகள் இருந்த சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு மகளுக்குப் பின்னால் நடந்தாள்.

தாழ்வுபாட்டில் இறங்கும்போது மணி மூன்றரை. கோயில் வாசலில் நின்ற பெண்கள் இவர்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி ஓடிவந்து செலீனாவைக் கட்டிப் பிடித்தாள்.

"விட்டிட்டாங்களோ! மாதா காப்பாத்திப்போட்டா. மத்தியானம் முழுக்க உனக்காகத்தான் பிள்ளை செபமாலை சொன்னனாங்கள்."

"எனக்காகவோ? ஏன்?"

"பிரான்சிஸ்கா வந்து சொன்னவ. ரெயினிங் எடுத்ததெண்டு உன்னைப் பிடிச்சு வைச்சிருக்கினம், எல்லாரும் செபியுங்கோ எண்டு. வீடு வீடாப் போய்ச் சொன்னவ."

வீடு வீடாக. மத்தியானம் முழுக்க. அந்தச் சொல்லை ஊர் முழுவதும் சேர்ந்து, உரத்த குரலில், கடவுளிடம் சொல்லியிருக்கிறது. கடவுள் மட்டும்தான் கேட்டிருப்பார் என்று எப்படி இருப்பது?

படலைக்கு வெளியே, வேலியோரம், இலக்கத் தகடு இல்லாத மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது.

முற்றத்தில் இரண்டு கதிரை, இரண்டு ஆண்கள். மாக்கிறட் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, தட்டத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி கதவடியில் நின்றாள். தலைமன்னார்ச் சம்பந்தக்காரர் ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் அவள் முதலில் கதிரை போட்டிருக்கிறாள். இப்போது அவள் முகத்தில் இரத்தம் இல்லை.

இருவரும் சிவில் உடுப்பு. தமிழ்தான் பேசினார்கள். எந்தப் பக்கத்தவர் என்று கேட்கிற வழக்கம் அந்த நாட்களில் இல்லை. கேட்டாலும் தெரிந்தாலும் ஒன்றுதான். மூத்தவன் எழுந்து வணக்கம் சொன்னான்.

"ரெயினிங் எடுத்த பிள்ளை இருக்கிற வீடு இதுதானோ அம்மா?"

செலீனா படலையடியிலேயே நின்றுவிட்டாள். திரேசம்மா மகளுக்கு முன்னால் வந்தாள். இரண்டு வருடமாகத் தொண்டைக்குள் கிடந்த சொல் ஒன்று, கேட்காமலே மேலே வந்தது.

"அப்பிடி ஒரு பிள்ளை இந்த வீட்டில இல்லை தம்பி. என்ர மகள் குத்துச்சண்டைக்காரி. முழு இலங்கைக்கும் சம்பியன்."

சொல்லிவிட்டாள். அயலில் நின்றவர்களுக்கும் கேட்கத்தான் சொன்னாள். மாக்கிறட்டுக்கும், செலீனாவுக்கும். தலைமன்னாருக்கே கேட்டாலும் பரவாயில்லை என்று சொன்னாள். செலீனாவின் கண் கலங்கியதைத் திரும்பிப் பாராமலே அவளுக்குத் தெரிந்தது.

மூத்தவன் கூட வந்தவனைப் பார்த்தான். இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

"குத்துச்சண்டையோ? பொம்பிளைப் பிள்ளையோ? இவ தையல் பழகுறா எண்டெல்லே ஊரில எல்லாரும் சொல்லுகினம். நீங்கள்தானாம் சொன்னனீங்கள்."

"அது நான் சொன்ன பொய் தம்பி."

"அப்ப இது?"

"இது உண்மை."

"சம்பியனெண்டா பேப்பரில வந்திருக்குமே அம்மா. எங்க, ஒருக்காக் காட்டுங்கோ பாப்பம்."

திரேசம்மாவின் கை தன்பாட்டில் பைக்குள் போய்ச் செபப்புத்தகத்தை எடுத்தது. பழகின பக்கத்தில் தானாகவே விரிந்தது. இரண்டு மாதம் கிடந்த தாளின் சதுரம் மட்டும் பழுப்பாகப் பதிந்திருந்தது. ஓரத்தில் இரண்டு மூன்று சீனி மணி ஒட்டியிருந்தது.

மூத்தவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, தாயைச் சுற்றிக்கொண்டு படலையடிக்கு நடந்தான். குரலில் கோபம் இல்லை.

"சரி, அது கிடக்கட்டும். நீங்கள் கையைக் காட்டுங்கோ, தங்கச்சி."